ஆடாத நட்சத்திரங்கள்

உங்கள் மேசைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் சிமிட்டுகிறது. ஸ்டார்ட்டர் போயிருக்கும். புதிதாக ஒன்று வாங்கித் திருகிவிட்டால் சரியாகிவிடும். என் தம்பி இருந்திருந்தால் இந்நேரம் நாற்காலி மேல் ஏறியிருப்பான். எரியாத விளக்கைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. எனக்கு அப்படியே தலைகீழ். எரிகிற விளக்கைப் பார்த்தால்தான் எனக்குக் கை பரபரக்கும். நான் சொல்வதை எழுதுகிறவருக்குத் தொந்தரவு இல்லையென்றால் இதுவே போதும்.

அன்று இரவு என்ன நடந்தது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல் என்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அன்று இரவிலிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் மாதிரித் தெரியும். நீங்கள் மரியாதையாக நடத்துகிறீர்கள், உட்காரச் சொல்லி டீ கொடுத்தீர்கள். உங்களுக்குத் தப்பான எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையின் முன்பக்கம் இல்லை, பின்னறை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கண் பரிசோதிக்கும் பெண், "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய கண்ணாடியை மட்டும் பார்ப்பேன். மாலையில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இருபது வருடம் அப்படி இருந்தால் பழகிவிடும்.

வீட்டையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மூடிக்கிடக்கும் கிடங்குக்குப் பின்னால், தெருவின் கடைசி வீடு. வாடகைக்கு விட்டவர் சாவியைக் கொடுக்கும்போது, "இங்க கத்தினாக்கூட ஒருத்தருக்கும் கேக்காது சார், பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது" என்று வருத்தப்பட்டார். எனக்கு வேண்டியதே அதுதான். ஆள் இல்லாத இடத்தில் விளக்கு இருக்காது. விளக்கு இல்லாத இடத்தில் வானம் இருக்கும். மொட்டைமாடியில் என் தொலைநோக்கியை முக்காலியோடு நிரந்தரமாக நிறுத்தி, பகலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். மாடிக்குப் போக வழி, பின்பக்கச் சந்தில் இருக்கும் இரும்புப் படி ஒன்றுதான்.

நான் செய்வது என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு வருவது அப்போதுதான் புரியும். வெகு தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்கள் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியின் பின்னால் கேமராவை மாட்டி, ஐந்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் ஒரு சின்ன மோட்டார் வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும். இப்படி விடிய விடிய எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இருட்டிலிருந்து ஒரு சுருள் எழும்பி வரும். அந்த வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டபோது பூமியில் மனிதன் என்று ஒருவன் இல்லை. அத்தனை தூரம் வந்த வெளிச்சம் கடைசியில் என் வீட்டு மொட்டைமாடியில் வந்து விழுகிறது. அதை நான் வாங்கி வைக்காவிட்டால் சிமெண்டுத் தரையில் விழுந்து வீணாகப் போகும். சிரிக்காதீர்கள், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

விளக்கை விட்டால் இதற்கு ஒரே எதிரி அதிர்வு. படம் ஓடும்போது மாடியில் ஒருவர் நடந்தால் போதும். புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் புழு மாதிரி நெளிந்துவிடும். அதனால் நான் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அசையமாட்டேன். கால் மரத்துப்போனாலும் நீட்டமாட்டேன். ஒரு படத்தில் எல்லா நட்சத்திரமும் உருண்டையாக இருந்தால் அந்த ஐந்து நிமிடம் அந்த மாடியில் யாரும் நடக்கவில்லை என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் உங்களைத் தேடி வந்ததே இதனால்தான்.

வாத்தியார் எங்கள் சங்கத்துக்காரர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பல் டாக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை தன் கிளினிக்கை மூடிய பிறகு பின்னறையைத் திறந்து விடுவார். கணக்கு வாத்தியார், நான், இன்னும் நான்கைந்து பேர். அவரவர் எடுத்த படத்தைக் காட்டுவோம். என் முறை வரும்போது நான் எதுவும் பேசமாட்டேன், படத்தை மட்டும் காட்டுவேன். "பிரமாதம்" என்பார் டாக்டர். மாதம் முழுக்க என்னைப் பார்த்து யாராவது சொல்லும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். வரும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு நடப்பேன்.

இந்த நிலையில்தான் தம்பி வந்தான்.

மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்குப் போடுகிற கம்பெனியில் இருந்தான். கம்பெனி படுத்துவிட்டது, அவன் மனைவியும் அதற்குச் சற்று முன்னால் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு பையோடு வந்து வாசலில் நின்று, "ரெண்டே ரெண்டு வாரம்ணா, வேலை கிடைச்சதும் ஓடிருவேன்" என்றான். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான். நான் ஒருநாளும் போகச் சொன்னதில்லை. அவன் நல்லவன். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சமைப்பான், பாத்திரம் கழுவுவான், என் சட்டையையும் சேர்த்துத் துவைப்பான். வாய் மட்டும் ஓயாது. பல் தேய்க்கும்போதும் பேசுவான். வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் குக்கரோடு பேசுவான்.

தெருவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. டீக்கடைக்காரருக்கு அவன் வராவிட்டால் பொழுது போகாது. இஸ்திரிக்காரம்மா தன் மகள் கதையையெல்லாம் அவனிடம் சொல்லி அழுதார். நான் அதே தெருவில் ஆறு வருடம் குடியிருந்தவன். அவன் வந்து ஒரு மாதத்தில் எனக்கு "அவரோட அண்ணன்" என்று பெயராகிவிட்டது.

விளக்கு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சந்தில் இரும்புப் படிக்கு மேலே ஒரு பல்பு உண்டு. அது எரிந்தால் மாடி முழுக்க வெளிச்சம் ஏறிவிடும், நான் அதைக் கழற்றி வைத்திருந்தேன். அவன் வேறொன்று வாங்கி மாட்டினான். நான் கழற்றினேன். மறுபடி மாட்டினான். "யாராவது விழுந்து வைக்கப் போறாங்கண்ணா" என்பான். "இங்க யார் இருக்கா விழறதுக்கு?" என்பேன். "நீ இருட்டுக்கு, நான் வெளிச்சத்துக்கு. அம்மா நல்லாத்தான் பங்கு பிரிச்சுக் குடுத்திருக்காங்க" என்று அதையும் சிரித்துத் தள்ளிவிடுவான். கோபமே வராத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

கடைசியில் சில விதிகள் வைத்தேன். படம் ஓடும்போது மாடிக்கு வரக் கூடாது. வந்தாலும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வர வேண்டும், ஏனென்றால் அதன் திரையை அவன் பாட்டுக்கு ஏற்றிவிடுவான். என் விதிகளில் அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்தது இந்த இரண்டாவதைத்தான்.

சூப்பர்நோவாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஒரு பெரிய நட்சத்திரம் ஆயுள் முடிந்து வெடிப்பது அது. ஒரு திரளில் இருக்கும் கோடானுகோடி நட்சத்திரங்களில் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும், பக்கத்தில் இருப்பதையெல்லாம் மங்கச் செய்துவிட்டு எரியும். பிறகு அடங்கிவிடும். பெரிய ஆய்வுக்கூடங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும் விஷயம் இது. என்னைப் போல மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று மாட்டுவது மிக அபூர்வம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, இல்லாத இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பொழுது போகாமல் என் லேப்டாப்பில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, போன மாசப் படத்துல இந்தப் புள்ளி இல்லையே."

எட்டிப் பார்த்தேன். "தூசி" என்றேன்.

"தூசி இவ்ளோ பளிச்சுன்னா இருக்கும்?"

"அப்படின்னா கேமரா சென்சார்ல ஒரு புள்ளி செத்திருக்கும். உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரிதான்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து கடைக்குப் போனான்.

அவன் போன பிறகு பார்த்தேன். சென்சாரில் இருக்கும் கெட்ட புள்ளி என்றால், தொலைநோக்கி கொஞ்சம் நகர்ந்தாலும் அது படத்தில் அதே இடத்திலேயே நிற்கும். நட்சத்திரம் என்றால் மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது இது. நகர்ந்தது. எல்லாப் படத்திலும் மற்றவற்றோடு சேர்ந்து நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அது நட்சத்திரம். நான் ஏன் முதலில் அதைப் பார்க்கவில்லை என்றால், சொன்னது அவன். தெருவிளக்குக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதவன் சொன்னால் யாராக இருந்தாலும் தூசி என்றுதான் சொல்வார்கள்.

அன்று மாலையே, இதையெல்லாம் பதிவு செய்கிற இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் உறுதி செய்துவிட்டார்கள். முதலில் கண்டவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் மட்டும். அதை நான் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கே பாவமாக இருக்கும். யாரோடும் பங்கு போடாத ஒரு பொருள் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என்னைவிட அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான். டீக்கடையில் எல்லோருக்கும் அவன் செலவில் டீ. "எங்க அண்ணன் வானத்துல ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கார்" என்று தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வந்தான்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவனும் வந்தான். நான் கூப்பிடவில்லை, கையில் இனிப்புப் பெட்டியோடு கிளம்பி நின்றான், என்ன சொல்வது. அங்கே போய்ப் பத்தே நிமிடத்தில் எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான். பிறகு அந்தத் தூசிக் கதையை எடுத்தான். நான் எட்டிப் பார்த்ததையும், உதட்டைப் பிதுக்கியதையும், "உனக்குச் சொன்னாப் புரியாது" என்றதையும் அப்படியே நடித்துக் காட்டினான். டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆறு வருடமாக அந்த அறைக்கு வருகிறேன், என்னைப் பற்றி அங்கே ஒருவர் பேசி எல்லோரும் கேட்டது அன்றுதான்.

"அப்ப கண்டுபிடிச்சது தம்பின்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வாத்தியார் நேர்மையான மனிதர். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார், சொல்லும்போதே அவருக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. "ரெண்டு பேர் பேரையும் போட்டுத் திருத்தி அனுப்பிடலாமே. அதுக்கு வழி இருக்கு, நான் எழுதித் தரேன்."

தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஐயோ, வேணாம் சார். எனக்கு எதுக்கு அதெல்லாம்? அண்ணனுக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."

எல்லோரும் இனிப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் பேச்சை மாற்றினார். அவன் சொன்னது உண்மைதான். விட்டுக்கொடுத்துத்தான் பேசினான். அதில் கோபப்பட எனக்கு ஒன்றுமே இல்லை.

படியின் போல்ட்டைக் கழற்றியது கூட்டத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டீர்கள். மறுநாள். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் படியின் மேல்முனை இரண்டு பெரிய போல்ட்டில் மொட்டைமாடி விளிம்போடு முடுக்கப்பட்டிருந்தது. கீழே ஒருவர் படியில் கால் வைத்தால் அந்த அதிர்வு இரும்பு வழியாக ஏறி, தளத்துக்கு வந்து, முக்காலி வரைக்கும் போகும். அவனோ என் பேச்சை மீறி அடிக்கடி ஏறி வருகிறவன். அதனால் போல்ட்டை எடுத்துவிட்டு, இடையில் பழைய டயர் ரப்பரை வைத்தேன். படி தன் கனத்திலேயே நின்றது. நான் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, மெதுவாக ஏறி இறங்குவேன், ஒன்றும் ஆகவில்லை. இதுபோன்ற பைத்தியம் பிடித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முக்காலியைத் தனியாகப் பிரித்து வைப்பது வழக்கம்தான். பொதுவாக முக்காலியைத்தான் பிரிப்பார்கள். நான் படியைப் பிரித்தேன்.

அவனிடம் சொன்னேனா என்றால், சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

சரி, அன்று இரவு. பல நாளாக மேகம் மூடிக்கிடந்து அன்றுதான் வானம் விட்டிருந்தது. சூப்பர்நோவா மங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நாளில் என் தொலைநோக்கிக்கு எட்டாமல் போய்விடும். பின்னிரவில் மறுபடி மேகம் வரும் என்று வானிலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். இது எவ்வளவு முக்கியமான இரவு என்று உங்களுக்கு இப்போது புரியும். பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். டீ பிளாஸ்க்கை மட்டும் அடுப்படியில் மறந்துவிட்டேன். நான் பொதுவாக எதையும் மறப்பதில்லை.

படங்கள் நன்றாக விழுந்துகொண்டிருந்தன. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா, டீயை விட்டுட்டுப் போயிட்டியே. ஆறிப்போயிடும். கொண்டு வரட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. பேசினால் தொலைநோக்கி ஆடாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பதில் வராவிட்டால் அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு கையில் பிளாஸ்க் இருந்ததால் கைப்பிடியை ஒரு பக்கம்தான் பிடித்திருப்பான், அதுவும் சுவர் இல்லாத பக்கம். பாதிக்கு மேல் ஏறியிருப்பான். ரப்பர் வழுக்கும் சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது பெரிய சத்தம். இரும்பு முழுக்கச் சுவரை உரசிக்கொண்டு சந்துக்குள் சரிந்தது. அவ்வளவு ஜாக்கிரதையாக ரப்பர் வைத்தும் அந்த ஒரு படம் கெட்டுப்போனது. எல்லா நட்சத்திரமும் நெளிந்துவிட்டது.

பிறகு அவன் குரல் வந்தது. அப்போதும் அதில் பாதிச் சிரிப்பு இருந்தது.

"அண்ணா, படி சரிஞ்சிடுச்சு. உன் நட்சத்திரத்தை ஆட்டிவிட்டுட்டேனா?"

"ஆமா" என்றேன்.

"சாரிண்ணா. படி என் மேல கிடக்கு, எந்திரிக்க முடியல. வயித்துல ஒரு மாதிரி வலிக்குது. போனையும் உள்ளயே வச்சுட்டு வந்துட்டேன், நீ சொன்னியேன்னு. யாரையாவது கூப்பிடேன்."

"படம் ஓடுது, இரு" என்றேன்.

"சரி, முடிச்சுட்டு வா" என்றான்.

இதில் சில விஷயங்களை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். படி இல்லாமல் நான் எப்படி இறங்குவது? குதித்தால் என் காலும் உடைந்திருக்கும். என் போன் கையில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தொலைநோக்கியை இயக்குகிற செயலி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரையாவது அழைத்தால் அது நின்றுபோகும், நின்றால் வானத்தில் அந்த இடத்தைத் திரும்பப் பிடித்து, திரும்பச் சரிபார்த்து, பாதி இரவு போய்விடும். தெருப் பக்கம் போய்க் குரல் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அதற்கு மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

விடிந்ததும் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் செய்தேன். அவர்கள் ஏணியோடு வந்து என்னை இறக்கினார்கள். அவனை அதற்கு முன்பே துணி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்றும், சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டார். மேலே தூங்கிவிட்டேன், சத்தமே கேட்கவில்லை என்று நான் அன்று சொன்னது பொய். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவனை வழியனுப்பத் தெருவே வந்தது. இஸ்திரிக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பல் டாக்டர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என் வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு வாரம் வந்தார்கள். பிறகு வழக்கம்போல ஆகிவிட்டது. வீட்டில் சத்தம் இல்லை என்பது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே நான் பேசிக்கொண்டிருப்பதை நானே கேட்டேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. அவனுடைய பிரஷ் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்த இரவில் எடுத்த படங்களை அடுக்கிச் சங்கத்தில் காட்டினேன். தம்பி நினைவாக என்று டாக்டர்தான் கேட்டார். நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது, இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "ஒவ்வொரு நட்சத்திரமும் முத்து மாதிரி உருண்டையா இருக்கே" என்றார். பாராட்டு என்றுதான் நினைத்தேன். ஒளி குறைவதை அளந்து பார்க்க வேண்டும், அன்று எடுத்த தனித்தனிப் படங்களையும் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தேன்.

ஏன் கொடுத்தாய் என்று நேற்று ஆச்சரியப்பட்டீர்கள். நான் ஒருநாளும் படத்தை அழித்ததில்லை. கெட்ட படத்தையும் வைத்திருப்பேன், பிடிக்காததை ஒளித்துவிட்டு நல்லதை மட்டும் காட்டுவது எங்கள் வேலையில் அயோக்கியத்தனம். அதனால் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவர் கணக்கு வாத்தியார், வரிசையாகப் பார்த்திருக்கிறார். ஒரு படத்தில் எல்லாம் நெளிந்திருக்கிறது. அதற்கடுத்த படத்தில் அந்தத் திரள் நடுவிலிருந்து விலகி ஓரத்துக்குப் போயிருக்கிறது. படி விழுந்த வேகத்தில் தொலைநோக்கி கொஞ்சம் திரும்பிவிட்டது. அதற்கும் அடுத்த படத்தில் திரள் மறுபடி சரியாக நடுவுக்கு வந்திருக்கிறது. தானாக வராது. போன் திரையில் விரலால் நகர்த்திக் கொண்டுவர வேண்டும். தூங்குகிறவன் அதைச் செய்யமாட்டான். அங்கிருந்து கடைசி வரை ஒரு நட்சத்திரம்கூட ஆடவில்லை. விழித்திருந்த ஒருவன் அந்த மாடியில் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை என்று அந்தப் படங்களே சொல்கின்றன. வாத்தியாருக்குத் தம்பியை ரொம்பப் பிடிக்கும். நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, கவனித்துப் பார்க்கத் தெரிந்தவர்.

இன்று காலை நீங்கள் வேறொன்று கேட்டீர்கள். வாத்தியாருக்கு அது தோன்றவில்லை, அவர் நட்சத்திரங்களை மட்டும் பார்த்தார். கடைசியில் ஏன் இத்தனை வெள்ளைப் படம் என்று கேட்டீர்கள். கேமரா கெட்டுவிட்டதா என்றீர்கள். இல்லை. அது மேகம். வானிலைச் செய்தியில் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டது. தம்பி விழுந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வானம் முழுக்க மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு விடியும் வரை கேமரா வெறும் மேகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. செயலியை நிறுத்தியிருக்கலாம். நடந்திருக்கலாம். போன் செய்திருக்கலாம். ஆட்டுவதற்கு அங்கே ஒரு நட்சத்திரமும் இல்லை.

அப்படியானால் எதற்காக உட்கார்ந்திருந்தாய் என்பதுதானே உங்கள் கேள்வி. நானும் காலையிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் என்று சொல்லலாம்.

சந்து குறுகலானது, இரண்டு பக்கமும் உயரமான சுவர், மேலே படி வேறு. அங்கே கிடப்பவனுக்கு வானம் தெரியாது. அதனால் அவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "முடிஞ்சுதாண்ணா?" என்று கேட்டான். முதலில் சத்தமாகக் கேட்டான், பிறகு மெதுவாக. குரல் போகப் போகக் குறைந்தது. என் படத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவனுக்குக் கடைசி வரைக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். கேட்டபோதெல்லாம் நான், "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொன்னேன். மேகம் வந்த பிறகும் அதையேதான் சொன்னேன். அவனும் ஒவ்வொரு தடவையும், "சரி" என்றான்.

கேள்வி நின்ற பிறகும் இரண்டு முறை நானாகவே சொன்னேன். கேட்டுப் பதில் வராமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனை நான் அப்படி விடவில்லை. கடைசி வரை அவன் தனியாக இல்லை, கூடவே நான் இருந்தேன். அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.